முடிச்சூர் முடிச்சு

போன நவராத்திரிக்கு என் மகள் ஓர் ஒயர் கூடை வாங்கி வந்தாள். கூடை என்றால் பூசணிக்காயும் அரைக்கிலோ கத்தரிக்காயும் சேர்ந்து உட்காரும் கூடை இல்லை. செல்போனும் சீப்பும் வைத்தாலே மூச்சு முட்டும் சைஸ். கைப்பிடியில் சணல் கட்டி ஓர் அட்டை தொங்கியது: ‘கிராமத்துப் பெண்களின் கைவண்ணம்.’ அட்டையின் பின்பக்கம் விலை, 850 ரூபாய்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் சிரமம். எண்கள் நன்றாகத் தெரியும். அதனால் மகள் அட்டையை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டே கூடையைக் காட்டினாள். அம்மா வாங்கியதும் கவிழ்த்தாள். கூடை போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அடியைத்தான். கட்டை விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“நாலாவது வரிசைல ஒரு முடிச்சு திரும்பிக் கெடக்குது. அதான் ஒரு பக்கமா சாயுது. அடி போட்டவ யாருடி?”

“தெரியாது பாட்டி. எக்ஸ்போல வாங்குனேன்.”

“இன்னா வெல?”

மகள் என்னைப் பார்த்தாள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எந்த விலையைச் சொன்னாலும் ஒரு சைபரைக் கழித்துச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

“எண்பத்தஞ்சு” என்றேன்.

“எண்பத்தஞ்சா! இத்துனூண்டுக்கா? நல்லா ஏமாந்தீங்க போங்க.”

எங்கள் ஊர் முடிச்சூர். மேற்குத் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். பெயருக்கு என்ன வரலாறோ, ஒயர் என்ற பொருள் பூமிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் இருந்தது. ஆனாலும் தாம்பரம் மார்க்கெட்டில் கூடை விற்கப் போகும்போது, “எங்கேருந்து வர்றீங்க?” என்று கேட்பவர்களிடம் “முடிச்சூர்” என்று சொன்னால், முடிச்சு போடுகிறவர்கள் வேறு எந்த ஊரிலிருந்து வருவார்கள் என்பது போலத் தலையாட்டுவார்கள்.

என் சிறு வயதில் ஏரிக்கரை நெடுக பனைமரம். அப்பாவைப் பெற்ற ஆயா குருத்தோலை வாங்கி, நிழலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, பெட்டி முடைவாள். உப்புக்கு ஒன்று, பணியாரத்துக்கு ஒன்று, கோயிலுக்குத் தேங்காய் பழம் எடுத்துப் போக மூடி போட்ட பெட்டி ஒன்று. அதைக் கைவினை என்று யாரும் சொன்னதில்லை. ஆயாவையே கேட்டிருந்தால், வேலை இல்லாத நேரத்தில் செய்கிற வேலை என்றுதான் சொல்லியிருப்பாள்.

பிறகு பிளாஸ்டிக் ஒயர் வந்தது. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். தண்ணீர் பட்டால் உளுக்காது, பூச்சி அரிக்காது, தலைமுறைக்கும் நிற்கும். ஓலைப் பெட்டி பரணுக்குப் போனது. கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அம்மா தலைமுறைப் பெண்கள் ஓலையிலிருந்து ஒயருக்கு மாறிக்கொண்டார்கள். சாதா முடிச்சு, நெல்லிக்காய், பிஸ்கட், இரண்டு கலர் சேர்த்துப் போட்டால் கண் கண்ணாக விழிக்கும் சிவன் கண். எனக்குப் பத்து வயதாகும்போது சிவன் கண் வரும், வாய்ப்பாடு வராது.

அந்தக் கூடையில்தான் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டு போனேன். தாம்பரத்துப் பெண்கள் தோள் பையில் கொண்டுவருவார்கள். நான் பள்ளிக்கூட வாசலுக்கு ஐம்பதடி முன்னாலேயே கூடையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டு, கூடையைச் சைக்கிள் கடைக்கார அண்ணனிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வாங்கிக்கொள்வேன். ஐந்து வருஷம் நடந்தது இது. இப்போது என் மகள் அதே கூடையின் குட்டியை மாட்டிக்கொண்டு சிறுசேரி ஆபீசுக்குப் போகிறாள். லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாரும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம்.

1998 வாக்கில் ஊருக்குள் மகளிர் சுய உதவிக் குழு வந்தது. தமிழ்நாட்டில் அந்த வித்து தருமபுரியில் விழுந்தது, 1989-ல், ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி கொடுத்த கடனுதவியோடு. பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவி எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு பேருக்குக் குறையாமல், இருபது பேருக்கு மிகாமல் சேர வேண்டும். வாரம் பத்து ரூபாய் சேமிப்பு. பெயர் வைக்கச் சொன்னார்கள். மல்லிகை, ரோஜா, தாமரை எல்லாவற்றையும் பக்கத்துத் தெருக்காரிகள் முந்திக்கொண்டிருந்ததால் எங்களுக்கு மிஞ்சியது வாசம் இல்லாத ஒரு பூ.

குழுவுக்கு ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். “ஊக்குநர்னா?” என்று அம்மா கேட்டாள். “அந்த ஊக்கு குத்திக்கினு இருக்குமே, அதுவா?” பத்தாவது பாஸ் செய்திருந்த ஒரே ஆள் நான் என்பதால் அந்த ஊக்கு என் மேல் குத்தப்பட்டது. எனக்கு அப்போது 26 வயது, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு, ரொக்கப் புத்தகம். என் கல்யாணச் சீரில்கூட அத்தனை நோட்டு வந்ததில்லை.

நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம். அதுவரை ஊரில் அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி, ஆத்திரத்துக்குப் பத்து வட்டி. குழுவுக்குள் இரண்டு வட்டி, அந்த வட்டியும் எங்கள் பொதுப்பணத்திலேயே சேரும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி ஆறு மாதத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, தேவையே இல்லாத இடத்தில்கூடப் போட்டாள்; பால் அட்டையில் போட்டாள், கேஸ் சிலிண்டர் பில்லில் போட்டாள். வங்காளதேசத்து முகமது யூனுசுக்குச் சிறுகடனுக்காக 2006-ல் நோபல் பரிசு கிடைத்த செய்தியை நான் கூட்டத்தில் வாசித்தபோது அந்தப் பெரியம்மா கேட்டாள்: “அவுரு தீர்மான நோட்டு யாரு எழுதுறாங்க?”

சுழல்நிதி வந்தது. தொழில் தொடங்கச் சொன்னார்கள். என்ன தொழில் என்று யாரும் யோசிக்கவில்லை, கைகள்தான் ஏற்கெனவே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தனவே.

ஒயர் வாங்கப் பாரிமுனைக்குப் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள் நானும் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தாம்பரத்தில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஏறுவோம். 1931-லிருந்து ஓடிக்கொண்டிருந்த வண்டி. 2004-ல் அகலப் பாதைக்கு முழுதாக இடம் விட்டது. பீச் ஸ்டேஷனில் இறங்கி, சந்து சந்தாக நடந்து, கட்டுக்கு ஐம்பது காசு குறைப்பதற்காக மூன்று கடை ஏறி இறங்கி, தலைச்சுமையாகத் திரும்பி வருவோம். திரும்பும் வண்டியில் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்த மாதிரியே அம்மா அடி போட ஆரம்பிப்பாள். அடி போடுவதுதான் சூட்சுமம். ஒயரைச் சம அளவில் வெட்டி, நடுவே ஓடுகிற ஒயரோடு முதல் வரிசை முடிச்சை இறுக்குவதில் எல்லாம் இருக்கிறது. அது கோணினால் வாய் வரை கோணும். ஆகையால் குழுவில் பதினாறு பேர் போட்ட கூடைக்கும் அடி அம்மாதான். மாம்பலம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரி விலை கேட்டிருப்பாள். பல்லாவரத்தில் முன்பணம் வாங்கியிருப்போம். எங்கள் முதல் ஷோரூம் அந்த லேடீஸ் பெட்டிதான். வாடகையும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. வெற்றிலை விற்கும் பாட்டியோடு மட்டும் அவ்வப்போது எல்லைத் தகராறு.

அந்தக் காலத்து நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். இரண்டு கட்டுக் கூடை ஒன்று. ஒயர் 44 ரூபாய். ரயில் டிக்கெட் பங்கு 2. டீ 1. ஆக 47. விற்ற விலை 65. லாபம் 18. பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, போட்ட முதலுக்கு 38 சதவீத லாபம், பெரிய கம்பெனிக்காரனே பொறாமைப்படுவான் என்று கைதட்டச் சொன்னார். தட்டினோம். அந்தக் கூடையைப் போட முழுசாக இரண்டு நாள். நாளைக்கு ஒன்பது ரூபாய். நாற்று நடப் போயிருந்தால் ஒரே நாளில் அதைப்போலப் பல மடங்கு வந்திருக்கும். ஆனால் நோட்டில் கைக்கு என்று கட்டம் கிடையாது. டீக்குக் கட்டம் இருந்தது. கட்டம் கிழித்தது நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

ஒரே ஒரு முறை விலை பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் மேலத்தெரு அத்தைதான் கிளப்பினாள்.

“எண்பது ரூவா சொன்னா இன்னா?”

“எதுக்கு எண்பது?” என்றாள் அம்மா.

“வெரலு வெட்டிக்கிது பாரு.” சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒயர் இழுத்து இழுத்து விழுந்த கோட்டைக் காட்டினாள்.

“வெரலு வூட்ல சும்மா இருந்தாலும் அருவாமணைல வெட்டிக்கத்தான் போவுது” என்றாள் அம்மா. தீர்மானம் தோல்வி. அதையும் நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், பெரியம்மா இரண்டு தடவை.

கல்லூரிச் சந்தை என்று ஒன்று நடத்துவார்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே குழுப் பெண்கள் கடை போடலாம். அங்கே முதல் நாள் எங்கள் கூடையைச் சீந்த ஆள் இல்லை. பக்கத்துக் குழுவின் ஊறுகாய் பறந்தது. இரண்டாம் நாள் ஒரு பேராசிரியை வந்து ஐந்து கூடை வாங்கினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கு இத்தனை என்று கேட்டோம். வீட்டில் பழைய பேப்பர் போட்டு வைக்கவாம். அம்மாவுக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. சிவன் கண்ணில் குப்பை.

குழுச் சுற்றுலா என்று ஒரு தடவை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போனோம். 1996-ல் திறந்தது. ஊர்களில் இடிக்கவிருந்த பழைய வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். திண்ணை, முற்றம், நாட்டு ஓடு. டிக்கெட் வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். சொகமாத்தான் இருந்தது. அந்த வாரம்தான் எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டுக் கடையாக்கக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருந்தோம்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கழனி எல்லாம் மனை ஆனது, கல் நட்டுக் கலர் கொடி கட்டினார்கள். பனைமரம் ஒவ்வொன்றாகப் போனது. பெண்பிள்ளைகள் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துப் பக்கம் தையலுக்கும், ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கும் போனார்கள். யூனிஃபார்ம், பி.எஃப்., ஷிப்டு முடிந்தால் வாசலில் இறக்கிவிடும் பஸ். ஒயர் இழுத்துப் பழகிய விரல்கள் சின்னச் சின்னப் பாகங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் பொருத்துகின்றன என்று ஒரு சூபர்வைசர் பாராட்டினாராம். கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. இருந்தவர்களுக்கும் கூடை இரண்டாம்பட்சம், கடன்தான் முதல். வங்கிக் கடன் வாங்கி ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம்; நோட்டில் ‘கூடைத் தொழில் விரிவாக்கம்’ என்று எழுதினோம். நான்தான் எழுதினேன்.

2015 டிசம்பர் ஒன்றாம் தேதி. அன்றைய ஒரு நாள் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. அதற்குச் சில காலம் முன்புதான் ஒயர் வேண்டாம், காகிதக் கவர்தான் எதிர்காலம் என்று எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்திருந்தது. கீழ்வீட்டில் அடுக்கியிருந்த ஆயிரக்கணக்கான கவர், எதிர்காலம் முழுக்க, ஒரே ராத்திரியில் கூழ். பழைய ஒயர் கூடைகள் மட்டும் கூடத்தில் வாத்துக் கூட்டம் மாதிரி மிதந்துகொண்டிருந்தன.

மாடியில் ஐந்து குடும்பம். அம்மா பழைய சேலை இரண்டை முடிச்சுப் போட்டு, ஒரு முனையில் மூன்று கட்டுக் கூடையைக் கட்டிக் கீழே இறக்கினாள். படகில் வந்த பையன்கள் பிரெட்டும் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள், மேலே இழுப்போம். மூன்று நாள் அந்தக் கூடைதான் எங்களுக்கு ரேஷன் கடை. ஒரு தடவை இரண்டு தண்ணீர் கேனை ஒன்றாக வைத்துவிட்டார்கள். சேலை கிழிந்துவிடுமோ என்று நாங்கள் பதற, அம்மா கூடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வந்ததும் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்து, “ஒரு முடிச்சு நவுரல” என்றாள். வீட்டில் ஃபிரிட்ஜ் போயிருந்தது, மெத்தை போயிருந்தது, ரேஷன் கார்டு போயிருந்தது.

2019 ஜனவரி முதல் தேதி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்தப் பட்டியலில் ஒயர் கூடை இல்லை. அதை ஒருமுறை பயன்படுத்தி எறிய முயன்று பாருங்கள், முடியாது. எங்கள் வீட்டில் 1987-ம் வருஷத்துக் கூடை ஒன்று இன்னும் வெங்காயம் சுமக்கிறது. ஆனாலும் ஒரு கண்காட்சியில், பெயர் வேண்டாம், இது பிளாஸ்டிக்காச்சேம்மா என்று எங்களுக்கு மேஜை தர மறுத்துவிட்டார்கள். சொன்னவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

மாற்றுத் தொழிலுக்கு என்று மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். என்ன தொழில்? பனை ஓலைப் பெட்டி முடைதல். சொல்லிக்கொடுக்க வந்தது சுடிதார் போட்ட சின்னப் பெண், கெட்டிக்காரி, பொறுமைசாலி. ஓலை தெற்கேயிருந்து பார்சலில் வந்தது. எங்கள் ஏரிக்கரையில் வெட்டுவதற்கு மரம் ஏது? 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை நடவும், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் அறிவித்தார்கள். நல்ல சட்டம்தான், எங்கள் ஏரிக்கரையில் காப்பாற்றத்தான் மரம் மிச்சமில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மாமியார் முடைவதை இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு, ‘அடிப்படை நிலை’ என்று.

அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஆயாவின் போட்டோ. ஆயா சிரிக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். போட்டோவில் அவள் சிரிக்கவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது; பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் என்று சுற்றியிருந்ததை எல்லாம் வாரிச் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. ஊராட்சியாகவே விட்டார்கள். லிஃப்ட் வைத்த ஊராட்சி, நீச்சல் குளம் வைத்த ஊராட்சி. ஆகவே, மூன்றாம் மாடியில் உட்கார்ந்து சாம்பார் வடையைச் செல்போனில் வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கூடை போட்டாலும் நாங்கள் காகிதப்படி கிராமத்துப் பெண்கள்தான். என் மகள் வாங்கிவந்த அட்டையில் எழுதியிருந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

செட்டிநாட்டு ஓலைக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அழியப் பார்த்த அந்த வேலையை விசாலாட்சி ராமசுவாமி போன்றவர்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து மீட்டார்கள். பத்தமடைப் பாய்க்கும் குறியீடு உண்டு. ஒயர் கூடைக்கு அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். அதன் பூர்வீகம் பெட்ரோல் கிணறு. எந்தக் கோயில் கல்வெட்டிலும் அது இல்லை. எனக்கென்னவோ, தமிழ்நாட்டில் பெண்கள் தங்கள் கையால் கடைசியாகக் கண்டுபிடித்த கைத்தொழில் இதுதான் என்று படுகிறது. சாட்சி கேட்காதீர்கள்.

மகளுக்கு யோசனை வந்தது. 850 ரூபாய்க்கு விற்கிற கூடையை நாமே போட்டு இன்ஸ்டாகிராமில் போட்டால் என்ன? லேப்டாப்பைத் திறந்து கட்டம் போட்டாள். மெட்டீரியல், பேக்கிங், கூரியர். அப்புறம் அவளாகவே ஒரு கட்டம்: லேபர். நான் எட்டிப் பார்த்தேன். 1998-ல் எனக்குத் தோன்றாதது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

“பாட்டி, ஒரு சின்னக் கூடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு சீரியலு. நடுவுல வெளம்பரம் நெறைய வந்தா ஒண்ணரை.”

“மணிக்கணக்கா சொல்லு பாட்டி.”

“யாரு மணி பாத்தா? கை போட்டுக்கினே இருக்கும்.”

மகள் அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில் எழுந்து பார்த்தால் மேஜை மேல் அந்த 850 ரூபாய்க் கூடை இல்லை. அதே கலரில் வேறு ஒரு கூடை இருந்தது, கொஞ்சம் குட்டை, ஆனால் வைத்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அடுப்பங்கரையில் ஒரு குண்டானில் ஆறிப்போன வெந்நீர்; ஒயர் துண்டு இரண்டு மிதந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து அம்மா அந்தக் கூடையை முடிச்சு முடிச்சாகப் பிரித்து, நெளிவு போக ஒயரை வெந்நீரில் போட்டு எடுத்து, அடி போட்டுப் புதுசாகக் கட்டியிருக்கிறாள். மீந்த நுனிகளைச் சேர்த்துப் பேனா வைக்க ஒரு கூடு வேறு. அட்டையைக் காணோம், வெறும் சணல்தானே என்று எறிந்திருப்பாள்.

மகள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்கார அக்கா கதவைத் திறந்து பார்த்தாள். “பாட்டி! டிசைனர் பீஸ் பாட்டி அது! பிரிச்சுட்டியே!”

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“எண்பத்தஞ்சு ரூவா கூடைக்கா இந்தக் கத்து கத்துற?”